மணல் மூட்டையைக் கொன்றவர்

"தூக்குல போடணும்!" என்றாள் என் அக்கா.

அன்று காலையில் அவள் தூக்கில் போடச் சொன்னது, எங்கள் வீட்டு கேட்டுக்குக் குறுக்கே லாரியை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போன டிரைவரை. முந்தின நாள் அதே தண்டனையை, காயப்போட்ட துணியின் மேல் கரி பறக்கவிட்ட எதிர்வீட்டுக்காரருக்கு விதித்திருந்தாள். அக்காவின் கோர்ட்டில் அப்பீல் கிடையாது. அவளுடைய கணவர், அதாவது என் மாமா, ஊரறிந்த துப்பறிவாளர். வீட்டுக்குள் மட்டும் ஆயுள் கைதி. நான் அவருடைய உதவியாளன். மச்சினன் என்பதால் என்னை வேலையிலிருந்து நீக்க முடியாது. மாமா முயன்று பார்க்காமலும் இல்லை.

போன் அடித்தது. மாமா எடுத்து, "ம்... ம்... எப்போ?... ம்..." என்று ஒரு முழு உரையாடலை முடித்துவிட்டு வைத்தார்.

"மாப்ள, கிளம்பு. ஜெயில்ல ஒரு கொலை."

"ஜெயிலுக்குள்ளயேவா? யாரு செத்தது?"

"ஒரு மணல் மூட்டை."

நான் சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை. அவர் சிரிக்காத ஜோக் எல்லாம் எனக்கு வேலை வைக்கும் என்பது அனுபவம். சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

காரில் போகும்போதுதான் விஷயத்தைச் சொன்னார். நாங்கள் பிடித்துக் கொடுத்த கடிகாரக்காரனுக்கு நாளை மறுநாள் காலையில் தூக்கு. அதற்கான ஒத்திகைக்குக் கட்டித் தொங்கவிட்ட மணல் மூட்டையை யாரோ நேற்று காலி செய்துவிட்டார்கள்.

கடிகாரக்காரன் கதையை இங்கே சொல்லிவிடுகிறேன். அவனும் அவன் கூட்டாளியும் சேர்ந்து ஒரு கடிகாரக் கடை வைத்திருந்தார்கள். கூட்டாளி தனிக்கடை போடுகிறேன் என்றார். வாக்குவாதம் முற்றி, கையில் கிடைத்த பெண்டுலக் குண்டால் இவன் அவர் மண்டையில் அடித்துவிட்டான். பிறகு நிதானமாக யோசித்து, ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கீழே தள்ளி உடைத்து, முள்ளை மட்டும் மாலை நேரத்துக்குத் திருப்பி வைத்தான். அந்த மாலை நேரத்தில் அவன் சலூனில் தலையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்ததற்குச் சாட்சி இருந்தது. எல்லாம் கச்சிதம். ஆனால் அந்தக் கடையில் காலையில் திறந்ததும்தான் சாவி கொடுப்பார்கள். மாலையில் விழுந்து நின்ற கடிகாரத்தில் சாவி பாதியாவது இறங்கியிருக்க வேண்டும். இதில் முழுச் சாவியும் அப்படியே இருந்தது. கடிகாரத்தைக் கையில் எடுத்தால் சாவி கொடுக்காமல் கீழே வைக்க அவனுக்கு வராது. கொன்ற கையோடு சாவியும் கொடுத்திருக்கிறான்.

"வாய்க்குப் பொய் சுலபமா வரும் மாப்ள. தொழில் பழகின கைக்கு வராது" என்றார் மாமா அன்றைக்கு. தீர்ப்பு வந்தபோது நான் கைதட்டினேன். மாமா தட்டவில்லை. "பிடிச்சுக் கொடுக்கறது என் வேலை. அதுக்கு மேல என் டிபார்ட்மென்ட் இல்லை" என்று சொல்லிவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டார். யார் கேட்டாலும் அதுதான் அவர் பதில். தூக்குத் தண்டனை சரியா தப்பா என்று மூன்று பேர் சண்டை போடுகிற இடத்தில் மாமா டீக்கு எவ்வளவு சர்க்கரை என்று கேட்பார்.

சிறை வாசலில் ஒரு சிமென்ட் பெஞ்சு. அதில் இறந்தவரின் தாயார் உட்கார்ந்திருந்தார். மடியில் மகனின் போட்டோ. மாமாவைப் பார்த்ததும் எழுந்து வந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ நல்லா இருக்கணும் தம்பி. நீ மட்டும் இல்லேன்னா அவன் இந்நேரம் கால் மேல கால் போட்டு உட்கார்ந்திருப்பான். நாளன்னிக்கு முடிஞ்சுருமில்ல?"

"பார்க்கலாம்மா" என்றார் மாமா. கையை உருவிக்கொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

சிறைக் கண்காணிப்பாளர் ஆள் வாட்டசாட்டம். மீசை அவருக்கு முன்னால் நடந்து வரும். ஆனால் அன்று மீசையே வியர்த்திருந்தது.

"எலியா இருக்குமா சார்?" என்றார் எடுத்த எடுப்பில்.

"எலியாம் எலி!" என்று மூலையிலிருந்து ஒரு குரல் வெடித்தது. இறந்தவரின் மனைவி. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கேஸ் நடந்த காலத்தில் கோர்ட் வாசலில் "தூக்குக்குக் குறைஞ்சு எதையும் ஒத்துக்க மாட்டோம்" என்று மாமியாரும் மருமகளுமாக நின்றது பத்திரிகையில் எல்லாம் வந்தது. "யாருன்னு கண்டுபிடிங்க சார். நீங்க ஆரம்பிச்சது, நீங்களே முடிங்க." பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, காலர் இப்படித் தேய்ஞ்சிருக்கே, திருப்பிப் போட்டுத் தைக்கக் கூடாதா?" என்றார். துக்கத்திலும் என் காலரைக் கவனிக்க ஒரு ஜீவன் இருக்கிறதே என்று நெகிழ்ந்து போனேன்.

"அவசரம் என்ன சார்? வேற மூட்டை கட்டிக்க வேண்டியதுதானே?" என்றேன்.

கண்காணிப்பாளர் பெருமூச்சு விட்டார். "அப்படிக் கட்ட முடியாது தம்பி. ஆளை எடை போட்டு, அதே எடைக்கு மூட்டை கட்டி, ரெண்டு முழு ராத்திரியும் ரெண்டு முழுப் பகலும் தொங்கவிடணும். அப்பதான் கயிறு இழுபட்டு நிக்கும். நேத்து சாயங்காலம் தொங்கவிட்டோம். காலையில பார்த்தா காலி. இனிமே கட்டினா நாளன்னிக்குக் காலையில ஆகாது."

"ஆகலைன்னா?"

"அங்கதான் சார் சிக்கல். யாரோ வேணும்னே கெடுத்தாங்கன்னா அது சதி. சதின்னா அதே உத்தரவை வச்சு தேதியை மட்டும் தள்ளிக்கலாம். எலி, கறையான், கோணி மக்கிப்போச்சுன்னு தானா கெட்டிருந்தா உத்தரவே செத்துரும். பைல் முதல்லேர்ந்து மேலே போகணும். மேலே போன பைல் கீழே வர்றதுக்குள்ள எனக்குப் பேரன் பேத்தி வந்துடும்."

"அதாவது, உத்தரவு செத்தா ஆள் பிழைச்சான்?"

"கிட்டத்தட்ட." மீசையைத் துடைத்துக்கொண்டார். "டிபார்ட்மென்ட் ஆள் சொன்னா எடுபடாது, வெளியாள்தான் சொல்லணும்னு விதி. மனுஷனா, எலியா? உங்க வாயால ஒரே ஒரு வார்த்தை சார். மனுஷன்னா யாருன்னு பேரு. அவ்வளவுதான்."

நான் மாமாவைப் பார்த்தேன். தன் டிபார்ட்மென்ட் இல்லை என்று அவர் ஒதுக்கி வைத்திருந்த டிபார்ட்மென்ட், காரியாலயத்தோடு அவர் மடியில் வந்து உட்கார்ந்துவிட்டது.

தூக்குக் கொட்டகை கட்டிடத்தின் பின்பக்கம் இருந்தது. உள்ளே பெயின்ட் வாசனை. மேடைப் பலகையில் இரண்டு பாதங்களின் வடிவத்தில் சாக்பீஸ் கோடு போட்டிருந்தார்கள். யார் எங்கே நிற்க வேண்டும் என்று அவ்வளவு அக்கறை. அதைப் பார்த்ததும் என் வாய் தானாக மூடிக்கொண்டது. காலையில் அக்காவோடு சேர்ந்து லாரி டிரைவரைத் தூக்கில் போடத் தலையாட்டியவன் நான்.

மேலே வளையத்தில் கயிறு மட்டும் தொங்கியது. அதற்கு நேர் கீழே மணல் குவியல். பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணத்தோடு ஒரு ஒல்லி மனிதர். கயிற்றுக்காரர்.

"தண்டனையை நிறைவேத்தறது நீங்கதானா?" என்றார் மாமா.

"ஆமா சார். சேரும்போது, இதுல வேலையே வராது, சும்மா எண்ணெய் போட்டா போதும்னுதான் சொன்னாங்க. இத்தனை வருஷம் அப்படித்தான் ஓடுச்சு. வீட்டுல மாமனாருக்குக்கூட நான் மெக்கானிக்னுதான் சொல்லியிருக்கேன்." கிண்ணத்து எண்ணெயை விரலால் கலக்கினார். "அவனைப் போடறது நியாயம்தான் சார். கொலை பண்ணவன். ஆனா அந்த நியாயத்தை வேற யாராவது இழுத்தா நல்லா இருக்கும்."

நான் மாமாவின் காதைக் கடித்தேன். "கேஸ் முடிஞ்சுது மாமா. இவரேதான்."

"கோணி எங்கே?" என்றார் மாமா.

கயிற்றுக்காரர் எடுத்து நீட்டினார். "இந்தப் படிக்கட்டு மேல இப்படியே இருந்துச்சு சார். நான் தொடலை."

கோணி நாலாக மடிக்கப்பட்டிருந்தது. ஓரத்தோடு ஓரம் சேர்த்து, சுருக்கம் இல்லாமல், கடையில் புதுத் துணி மடித்து வைப்பதுபோல். மாமா அதைப் பிரித்தார். வெளிச்சத்தில் பிடித்தார். முழுக்கத் தடவிப் பார்த்தார். அவர் முகத்தில் மெதுவாக ஒரு சந்தோஷம் பரவியது. துப்பு கிடைத்தால் அவருக்கு அப்படித்தான். துக்க வீட்டில் கிடைத்தாலும் பல் தெரியும்.

"மாப்ள, கோணியில ஒரு கீறல்கூட இல்லை."

"அப்போ மணல் எப்படி வந்துச்சு? வாசல் வழியா நடந்தா?"

"அடித்தையலைப் பிரிச்சிருக்காங்க. ஒவ்வொரு தையலா. நூல் எங்கே?"

தேடினோம். மணலைக் கிளறினோம். ஒரு துண்டு நூல் கிடையாது.

"இந்த மூட்டையைத் தைச்சது யாரு?"

"நான்தான் சார். கோணி ஊசியால, சணல் நூல் போட்டு."

"இப்படி ஒண்ணைப் பிரிச்சுக் காட்டுங்க."

பழைய கோணி ஒன்று வந்தது. கயிற்றுக்காரர் முடிச்சைத் தேடினார், நகத்தால் நோண்டினார், கடைசியில் பல்லால் கடித்து இழுத்ததில் ஒரு நூலோடு அரைக் கோணி கிழிந்து வந்தது. கண்காணிப்பாளருக்குப் பொறுக்கவில்லை. "இதுக்குப் போய் இவ்வளவு நேரமா?" என்று ஒரு கத்தியை வாங்கி ஒரே கீறு. கோணி வாயைப் பிளந்தது.

"பார்த்தியா? மூட்டையைக் கெடுக்கணும்னு வர்றவன் இப்படித்தான் செய்வான்" என்றார் மாமா. "அவசரத்துலயும் துணியைக் காயப்படுத்தாத ஆள் யாரு? பிரிச்ச நூலைக் கூடவே எடுத்துட்டுப் போன ஆள் யாரு?"

"ஜெயில்ல தையல் பிரிவு இருக்கே சார்!" என்றேன். எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

"இருக்கு. ஆனா மூட்டையைத் தொங்கவிடறதுக்கு முன்னாலயே அவங்களை எல்லாம் உள்ளே வச்சுப் பூட்டியாச்சு" என்று கண்காணிப்பாளர் என் மரியாதையைத் தரையில் போட்டார்.

"நேத்து சாயங்காலம் இங்கே யார் யார் வந்தாங்க?" என்றார் மாமா.

கயிற்றுக்காரர் யோசித்தார். "எடை சரியான்னு பார்க்க டாக்டர். ஐயா வந்தார். அப்புறம் ஐயா அந்த அம்மாவைக் கூட்டிட்டு வந்தார். அவங்க அழுதாங்க. நான் எண்ணெய் எடுக்கப் போயிட்டேன். திரும்பி வந்தப்போ கதவு பூட்டியிருந்துச்சு, காலையிலதான் திறந்தேன்."

"டாக்டர்!" என்றேன் நான். "கத்தி பிடிக்கிற கை!"

"டாக்டரா இருந்தா துணியைத்தான் மாப்ள வெட்டுவார். வா, கடிகாரக்காரனைப் பார்த்துட்டு வரலாம்."

கடிகாரக்காரன் எங்களை மாப்பிள்ளை வீட்டார்போல வரவேற்றான். "வாங்க சார், வாங்க! நல்லா இருக்கீங்களா? அக்கா சௌக்கியமா தம்பி?" கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. இரண்டு வார்த்தைக்கு ஒரு இருமல்.

"என்ன, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான், யாரிடம் என்ன கேட்கிறேன் என்று உறைத்தது.

"இருமல் தம்பி. இருமலோட தூக்குல போடக் கூடாதாம். டாக்டர் மாத்திரை குடுத்திருக்கார். நீங்க படிச்சவங்க, நீங்களே சொல்லுங்க, நான் அதை முழுங்கறதா வேண்டாமா?"

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா சுவரைப் பார்த்தார்.

"மூட்டை விஷயம் தெரியுமா?" என்றார் சுவரிடம்.

"தெரியும் சார். எனக்கு முன்னாடி அது போய்ச் சேர்ந்துடுச்சு." சிரித்தான், இருமினான், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "செஞ்சதுக்கு இது சரிதான்னு சில சமயம் தோணும் சார். இருமும்போது மட்டும் தோணாது. உயிரோட இருக்கணும்னு இருக்கும்." கையைப் பார்த்துக்கொண்டான். "காலையில கண்ணு முழிச்சதும் இந்தக் கை தானா காத்துல சாவி குடுக்குது. சாவி குடுக்கக் கத்துக்கொடுத்ததே என் கூட்டாளிதான். உடனே அவன் ஞாபகம் வந்துரும். அதோட அந்த நாள் போச்சு. தினமும் இதே கதை."

அவனைப் பிடிக்கவில்லை எனக்கு. இரக்கமாகவும் இருந்தது.

வெளியே வரும்போது மாமா என் தோளில் கை போட்டார். பாசமாக இருக்கிறாரே என்று பார்த்தேன். 'டர்' என்று ஒரு சத்தம். என் சட்டையின் கை, தோளோடு கழன்று முழங்கையில் வந்து நின்றது.

"ஐயையோ, கதவுத் தாழ்ப்பாள்ல மாட்டிக்கிச்சு போல" என்றார் மாமா.

தாழ்ப்பாள் எங்களுக்குப் பத்தடி பின்னால் இருந்தது. ஆனால் மாமா விறுவிறுவென்று நடந்துவிட்டார்.

கண்காணிப்பாளர் போனில் யாருக்கோ பயந்துகொண்டிருந்ததால், பார்வையாளர் அறையில் இறந்தவரின் மனைவி மட்டும் இருந்தார். என் தோளைப் பார்த்ததும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"என்ன தம்பி இது? இப்படியேவா தெருவுல போவீங்க? கழட்டுங்க."

"பரவாயில்லைம்மா..."

"கழட்டுங்கன்னா!"

அக்கா குரல்போலவே இருந்ததால் கழற்றிவிட்டேன். பனியனோடு அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் சட்டையை உள்பக்கம் திருப்பினார். தன் முந்தானை ஓரத்தில் குத்தி வைத்திருந்த ஊசியை எடுத்தார். கிழிந்த இடத்தில் தொங்கிய பழைய நூலை ஊசி முனையால் ஒவ்வொரு தையலாக நெம்பி, துணி ஒரு இழைகூட நலுங்காமல் உருவினார். உருவிய நூலைத் தூக்கிப் போடவில்லை. இரண்டு விரலில் எட்டு வடிவமாகச் சுற்றி, நடுவில் ஒரு முடிச்சுப் போட்டு மடியில் வைத்துக்கொண்டார். பேசிக்கொண்டே செய்தார். கை பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்தது.

எனக்கு வாய் திறந்துவிட்டது. மூட மறந்துவிட்டேன்.

"தைக்க நூல்தான் இல்லை" என்றார் அவர்.

"உங்க பையில இருக்குமேம்மா" என்றார் மாமா, ரொம்ப மெதுவாக.

அவர் கை நின்றது. மாமாவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பையைத் திறந்து, எட்டு வடிவமாகச் சுற்றி நடுவில் முடிச்சுப் போட்ட ஒரு சணல் நூல் சுருளை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"உங்க வீட்டு முன்ரூம்ல தையல் மெஷின் இருந்தது ஞாபகம் இருக்கு. ஸ்கூல் யூனிபாரம் தைப்பீங்க" என்றார் மாமா.

"தூக்கிப் போடத்தான் சார் நினைச்சேன். கை வரலை. நல்ல நூல்."

ஊசியைச் சட்டையில் குத்தி வைத்தார். பிறகு அவரே பேசினார்.

"நேத்து வரைக்கும் தூக்குங்கறது எனக்கு ஒரு வார்த்தை சார். கோர்ட் வாசல்ல தொண்டை கிழியக் கத்தியிருக்கேன். நேத்து கண்காணிப்பாளர் சார், எல்லாம் பக்காவா இருக்கு பாருங்கம்மா, மனசு ஆறட்டும்னு கூட்டிட்டுப் போய்க் காட்டினார். போன் வந்து வெளியே போனார். அந்த மூட்டை ஆடிட்டு இருந்துச்சு. ஆடாம இருக்கட்டும்னு பிடிச்சேன். ஒரு ஆள் கனம். என் வீட்டுக்காரரைத் தரையிலேர்ந்து தூக்கினப்போ இருந்த அதே கனம்." மூக்கை உறிஞ்சினார். "என்ன செய்யறேன்னு தெரியறதுக்குள்ள பாதித் தையல் பிரிஞ்சிருந்துச்சு."

"மன்னிச்சுட்டீங்களா அவனை?" என்றேன் நான்.

"யாரு? நானா?" கண்ணில் பொறி பறந்தது. "இப்ப இங்க வந்தான்னா நான் கத்திரிக்கோலைத் தேடுவேன் தம்பி. அது வேற. எடை போட்டு, கோடு போட்டு, இருமலுக்கு மாத்திரை குடுத்துச் செய்யறது வேற. அதைச் செய்யாம விட்டா, என் உயிருக்கு இவ்வளவுதான் விலையான்னு அவர் கேக்கற மாதிரியும் இருக்கு. ரெண்டும் இருக்கு. என்ன பண்ண?"

"தூக்கு வேண்டாம்னு வெளியே சொல்லலாமேம்மா" என்றார் மாமா.

"வாசல்ல அத்தை உட்கார்ந்திருக்காங்க, பார்த்தீங்கல்ல? இந்த ஒரு நாளுக்காகத்தான் உயிரைப் பிடிச்சுட்டு இருக்காங்க. நான்தான் கெடுத்தேன்னு தெரிஞ்சா என் கையால தண்ணி குடிக்க மாட்டாங்க." சணல் சுருளை மாமா பக்கம் தள்ளினார். "அவனும் போயிட்டா, அவர் எப்படிச் செத்தார்னு தெரிஞ்ச ஆள் யாருமே இல்லை சார். அவன் இருந்து அதை நினைக்கணும்."

"நினைக்கறான்" என்றார் மாமா. "தினமும் காலையில."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

மாமா என்னை ஜன்னல் பக்கம் இழுத்துப் போனார். அவருக்கு வியர்த்திருந்தது. "மாப்ள, நீ என்ன சொல்றே?"

இத்தனை வருஷத்தில் மாமா என்னிடம் அபிப்பிராயம் கேட்டது, பான்ட்டுக்கு எந்த பெல்ட் என்பதோடு சரி. நான் பனியனைச் சரி செய்துகொண்டேன்.

"மனுஷன்னு சொன்னா இவங்க பேரைச் சொல்லணும். இவங்க உள்ளே, அவன் மேலே. எலின்னு சொன்னா உங்க பேரு நாறிடும் மாமா. ஊரே சிரிக்கும். கோணியை நாலா மடிச்ச எலியைக் கண்டுபிடிச்ச துப்பறிவாளர்னு."

"அதைக் கேக்கலை. அவனைத் தூக்குல போடறது சரியா தப்பா?"

"காலையில கேட்டிருந்தா சரின்னிருப்பேன். அந்தச் சாக்பீஸ் கோட்டைப் பார்த்ததும் தப்புன்னேன். அவன் மூஞ்சியைப் பார்த்ததும் மறுபடி சரின்னேன். மாத்திரையைப் பத்தி என்னைக் கேட்டான் பாருங்க, அதோட நான் அவுட்."

"நீயாவது நாலு தடவை யோசிச்சிருக்கே. நான் ஒரு தடவைகூட யோசிச்சதில்லை" என்றார் மாமா. பிறகு அந்த அம்மாவிடம் திரும்பினார். "பையன் பனியனோட உட்கார்ந்திருக்கான். தைச்சுக் குடுத்துருங்கம்மா. அந்த நூலாலயே."

அவர் சணலைப் புரி பிரித்து, ஒரு மெல்லிய புரியை ஊசியில் கோத்தார். மிச்சப் புரிகளையும் அடுத்தடுத்துக் கோத்துச் சுருள் தீரும்வரை தைத்தார். துப்பு முழுவதும் என் தோளுக்குள் போய்விட்டது.

கண்காணிப்பாளர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"எலி" என்றார் மாமா.

"நான் அப்பவே சொன்னேன்!" என்று அவர் மேஜையைத் தட்டினார். எழுத ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்தி, குரலை இறக்கினார். "சார்... எலி கோணியை நாலா மடிக்குமா?"

"மடிக்கும்."

என் சட்டையைப் பார்த்தார். தோளில் துருத்திக்கொண்டு நின்ற சணலைப் பார்த்தார். மீசைக்குக் கீழே என்ன நடந்தது என்று தெரியவில்லை. "ஆமா, மடிக்கும். ஜெயில் எலிக்கு ஒழுங்கு ஜாஸ்தி" என்று எழுதி முடித்தார். விஷயத்தைக் கேட்ட கயிற்றுக்காரர் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, அங்கேயே ஒரு வாரம் லீவு கேட்டார்.

இதோடு முடிந்திருந்தால் நான் காரில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்திருப்பேன். வாசலில் அந்தத் தாயார் எழுந்து நின்றார்.

"என்னாச்சு தம்பி?"

மாமா சொன்னார். நாளன்னிக்கு இல்லை, எப்போது என்று தெரியாது, எலி.

"எலியா?" போட்டோவைப் பார்த்து அதனிடமும் ஒரு தடவை கேட்டார். "எலியாம்டா." பிறகு மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "என் பிள்ளைக்கு எலி கூடவா எதிரி? நீ நல்லாப் பார்த்தியா தம்பி? நீ பார்த்தா தப்பாது. எலிதானா?"

பின்னால் மருமகள் நின்றுகொண்டிருந்தார். பையின் வாயை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

"எலிதாம்மா" என்றார் மாமா.

தாயார் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு அவர் கையை விட்டுவிட்டார். கோபமாக உதறவில்லை. இனி வேண்டாம் என்பதுபோல் விட்டார். மருமகள் வந்து தோளைப் பிடித்ததும் அவர்மேல் முழுதாகச் சாய்ந்துகொண்டார். இரண்டு பேரும் பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார்கள். மருமகள் தன் தலையை மாமியாரின் தலைமேல் வைத்துக்கொண்டு அழுதார். யாருக்காக என்று என்னால் சொல்ல முடியவில்லை.

காரில் பாதி தூரம் வந்தாயிற்று. அப்புறம், "என் டிபார்ட்மென்ட் இல்லைன்னு சொல்லிட்டே இருந்தேன். ரொம்ப வசதியான பேச்சு மாப்ள அது" என்றார்.

"என் சட்டையைக் கிழிச்சது?"

"அது என் டிபார்ட்மென்ட்தான்."

வீட்டு வாசலில் லாரி இன்னும் அப்படியே நின்றது. அக்கா என்னைப் பார்த்ததும் லாரியை மறந்தாள். கத்திரிக்கோலை எடுத்து வந்து தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"யாருடா இது? நல்ல சட்டையில சணலைப் போட்டுத் தைச்சிருக்கா? கண்ணு தெரியாதா அவளுக்கு? இப்படித் தைக்கறவளை எல்லாம்..."

"வேண்டாம்" என்றார் மாமா.

கல்யாணமான நாளிலிருந்து அக்காவின் தீர்ப்பில் மாமா குறுக்கிட்டது அதுதான் முதல் தடவை. அக்கா, நான், அவள் கையிலிருந்த கத்திரிக்கோல், மூன்று பேரும் அப்படியே நின்றோம்.

"அதை மட்டும் சொல்லாதே. பிரிக்கவும் பிரிக்காதே" என்று சொல்லிவிட்டு மாமா உள்ளே போனார். டீக்கு எவ்வளவு சர்க்கரை என்று அன்று யாரையும் கேட்கவில்லை.

அக்கா அவர் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னடா ஆச்சு அவருக்கு?"

"எலி கடிச்சிருச்சு" என்றேன்.

சட்டை தோளில் அரித்தது. நான் சொறிந்துகொள்ளவில்லை.